ஜனவரி சீசன்ல என்ன ஓடுது உங்க வீட்ல? தருமபுரி, கிருஷ்ணகிரி அனிமே ஆளுங்க வாங்க

தகடூர் ஒட்டாகு:
2026 ஜனவரி சீசன் பாதிக்கு வந்துருச்சு, நம்ம பக்கத்து ஆளுங்க யார் யார் என்ன பாக்கறீங்கன்னு சொல்லுங்கப்பா. இங்க தருமபுரில என் கூட படிச்சவனுங்க பாதி பேரு ஜுஜுட்சு கைசன் தான், மீதி பேரு சோலோ லெவலிங் தமிழ் டப்பிங்க திரும்பத் திரும்ப ஓட்டிட்டு இருக்கானுங்க, தப்பு சொல்லல, ரெண்டும் எனக்கும் புடிக்கும், ஆனா ஃப்ரீரன் சீசன் 2 ஓடிட்டு இருக்கற நேரத்துல அதப் பத்தி வாய் தொறந்து பேச நாலு ரோட்டுல இருந்து அதியமான்கோட்டை வரைக்கும் ஒரு ஆள் கெடைக்கல. ஜனவரி 16ல ஆரம்பிச்சது. வெள்ளிக்கிழமை ஜப்பான்ல ராத்திரி 11 மணிக்கு போடறாங்க, நமக்கு அது ஏழரை, சைட்ல ஏற இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும், சாப்ட்டு முடிச்சு உக்காந்தா சரியா இருக்கும்.

என் கட்சிய மொதல்லயே சொல்லிடறேன். இப்ப ஓடறதுல நம்ம ஊர்க்காரங்க கண்டிப்பா பாக்க வேண்டியது ஃப்ரீரன். காரணம் இருக்கு, சொல்றேன். மொதல்ல உங்க லிஸ்ட்ட போடுங்க.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
ப்ரோ நான் ஜேஜேகே கட்சி, அதான் ஜுஜுட்சு கைசன். சிப்காட்ல இருந்து பஸ் ஏறுனா சூளகிரி வர்றதுக்குள்ள ஒரு எபிசோடு முழுசா முடிஞ்சுரும், எனக்கு கெடைக்கற நேரமே அவ்ளோ தான். இப்ப ஓடற மூணாவது சீசன், கல்லிங் கேம் கதை, ஆரம்பமே அள்ளுது. ஹீரோ யூஜிய கொல்றேன்னு யூட்டா வந்து நிக்கறான் பாருங்க, நல்லவன்னு தெரிஞ்ச ஒருத்தன் அந்த மூஞ்சோட எதுத்தாப்புல நின்னா எப்படி இருக்கும், அந்த பயத்த கேமரா ஓடற ஓட்டத்துலயே காட்டிட்டாங்க. சீசன் 2 பண்ண அதே ஷோட்டா கோஷோசோனோ தான் இதுக்கும் டைரக்டர்.

ஃப்ரீரன் மொத சீசன் நாலு எபிசோடு பாத்தேன். தூக்கம் வந்துருச்சு. ஷிஃப்ட் முழுக்க நின்னுட்டு வர்றவனுக்கு மாசக்கணக்கா பூ தேடற கதையெல்லாம் எப்படி ஓடும் சொல்லுங்க.

தகடூர் ஒட்டாகு:
அந்த பூ எபிசோடு தான்யா எல்லாமே. நிதானமா கேளுங்க. ஃப்ரீரன் ஆயிரம் வருசம் வாழற மந்திரக்காரி, ஹிம்மல் அவ கூட பத்து வருசம் பயணம் போன வீரன், இப்ப உசுரோட இல்ல.

ஒரு கெழவி, மூலிகை பறிக்கறவங்க, ஊரு ஒதுக்குப்புறத்துல ஹிம்மலோட சிலை ஒன்னு பாசி புடிச்சு கெடக்கு, கழுவிக் குடும்மான்னு ஃப்ரீரன் கிட்ட கேக்கறாங்க. கழுவியாச்சு. பக்கத்துல என்ன பூ வைக்கலாம்னு பேச்சு வரும்போது ஹிம்மல் அவன் சொந்த ஊர்ல பூக்கற நீலப் பூ ஒன்ன என்னைக்காவது உனக்கு காட்டணும்னு சொன்னது ஃப்ரீரனுக்கு ஞாபகம் வருது. பூ வரவைக்கற மந்திரம் அவளுக்கு தெரியும், ஆனா கண்ணால பாக்காத பூவ வரவைக்க முடியாது. அதுக்காக தேடறா, மாசக்கணக்குல, அந்த பூ அழிஞ்சே போச்சுன்னு ஊரே சொன்னப்புறமும் தேடறா. கடைசில ஒரு எலி வெதைய தூக்கிட்டுப் போய் புதைக்கற எடத்த பின்னாடியே போய் பாத்து, இடிஞ்ச கோபுரம் உச்சில அந்த பூ கெடைக்குது. ஹிம்மல் செத்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. அவன் உசுரோட இருக்கும்போது பத்து வருசம் கூடவே நடந்தவ, அப்ப போய் ஒரு எட்டு பாத்திருக்கலாம்.

சண்டை இல்ல, கத்தல் இல்ல. ஆயிரம் வருசம் வாழறவளுக்கு பத்து வருசம்னா எவ்ளோ சின்னதுன்னு வேற எப்படி காட்டறது? மெதுவா போறது கதைல இருக்கற கொறை இல்ல ப்ரோ, கதையே அந்த மெதுவு தான்.

இப்ப நான் சொல்ல வந்த காரணம். ரொம்ப நாள் வாழப்போற ஒருத்தி, சீக்கிரம் செத்துப் போற ஒரு வீரன், அவன் போனப்புறம் ஊருக்கு ஊரு நிக்கற அவனோட கல்லு. இத தருமபுரில பொறந்தவன் எங்கயோ கேட்டிருக்கானா இல்லையா?

பாப்பிரெட்டிப்பட்டி வாத்தியார்:
தம்பி, கேட்டிருக்கோம். நெல்லிக்கனி. எங்க வீட்டுப் பையன் பாக்கறான்னு நானும் பக்கத்துல உக்காந்து மொத சீசன் 28 எபிசோடும் பாத்தேன், அப்பவே எனக்கு இது தான் தோணுச்சு.

பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறது அதியமான் கனிய ஔவைக்கு குடுத்தான்ங்கற வரைக்கும் தான். புறநானூறு 91ம் பாட்ட முழுசா படிச்சா ஒன்னு தெரியும். அந்தக் கனியோட பலன அவன் அவங்க கிட்ட சொல்லவே இல்ல, மனசுக்குள்ளயே அடக்கிகிட்டு குடுத்துட்டான். ஹிம்மல் செய்யற வேலை அதே தான். ஃப்ரீரனுக்கு மோதிரம் போட்டு விடும்போது முட்டி போட்டு போடறான், அதுக்கு என்ன அர்த்தம்னு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லல, அவளும் கேக்கல.

அதியமான் செத்ததுக்கு அப்புறம் ஔவை பாடுனது 232, 235. இத படிக்காதவங்க படிங்க. 235ல கொஞ்சமா கள்ளு கெடைச்சா எங்களுக்கே குடுத்துருவானே, நெறைய கெடைச்சா எங்கள பாட வச்சு சேந்து குடிப்பானேன்னு தான் ஆரம்பிக்கும். போர் போச்சு, நாடு போச்சுன்னு ஆரம்பிக்கல. கூட உக்காந்து குடிச்சது, சாப்ட்டது, தலைய தடவி விட்டது, இப்படித் தான் வரிசையா வரும். ஃப்ரீரனுக்கு ஞாபகம் வர்றதும் அந்த மாதிரி சின்னச் சின்ன விசயம் தான், ராட்சச ராஜாவ கொன்னத அந்த கதை நமக்கு சரியா காட்டக்கூட இல்ல. 232ல நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி சின்ன கிண்ணத்துல கள்ள ஊத்தறாங்க, மலையோட நாட்டையே சேத்துக் குடுத்தாலும் வாங்காதவன் இத வாங்கிக்குவானான்னு ஔவை கேக்கறாங்க. சிலைய கழுவி பூ வைக்கற அந்த எபிசோட பாத்தப்ப எனக்கு தொண்டைய அடைச்சுருச்சு.

நம்ம தருமபுரி மியூசியத்துல நடுகல் வரிசையா வச்சிருக்காங்க. வில்லப் புடிச்சுகிட்டு, மேல அம்பு தச்சபடி நிக்கற வீரன், சிலதுல கால் பக்கத்துல சின்னதா ஒரு குடுவை செதுக்கி இருக்கும். வெளியூர் பசங்க வந்து பாக்கறாங்க, நம்ம பசங்க பஸ் ஸ்டாண்டுக்கு அந்த வழியா தினம் போறாங்க, உள்ள போறதில்ல.

காவேரிப்பட்டணம் அக்கா:
சார் சொன்னது அத்தனையும் சரி, ஆனா ஒரு எடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். ஔவைய ஃப்ரீரன் கூட வைக்கறது ஔவைக்கு நியாயம் இல்ல. ஔவை அவன் இருக்கும்போதே அவன் அருமை தெரிஞ்சு பாடுனவங்க. அவனுக்காக தொண்டைமான் கிட்ட தூது போனவங்க. குடிச்சு, பேசி, சண்டை போட்டு, வாழ்த்தி எல்லாம் முடிச்சு தான் அழுதாங்க. ஃப்ரீரன் அப்படியா? ஐம்பது வருசம் கழிச்சு வர்றேன்னு போனவ திரும்பி வரும்போது அவன் கெழவன். அடக்கம் பண்ற எடத்துல தான், இவன பத்தி எனக்கு ஒன்னுமே தெரியாதே, தெரிஞ்சுக்க ஏன் முயற்சி பண்ணலன்னு அழறா. ரெண்டு அழுகையும் ஒன்னு கெடையாது.

தகடூர் ஒட்டாகு:
அக்கா இது நான் யோசிக்காத பக்கம், நல்லா இருக்கு. ஆனா அதனால தான் சீசன் 2 முக்கியம்னு நான் சொல்வேன். மொத சீசன் கடைசி பாதி மந்திரவாதிங்களுக்கு வைக்கற பரீட்சைல போயிருச்சு, புதுசு புதுசா ஆளுங்க, சண்டை எல்லாம். இப்ப மறுபடி ஃப்ரீரன், அவ சிஷ்யை ஃபெர்ன், கூட வர்ற வீரன் ஸ்டார்க் மூணு பேரும் வடக்கு பக்கம் நடக்கறாங்க, அவ்ளோ தான். மனுசங்க தான, அவளுக்கு முன்னாடியே ஸ்டார்க் செத்துருவான், ஃபெர்னும் செத்துருவா, ஃப்ரீரனுக்கு அது தெரியும், இந்த தடவை கூட இருக்கும்போதே பாத்துக்கறா. ஃபெர்ன் கோவிச்சுகிட்டா என்ன பண்றதுன்னு முழிக்கறா பாருங்க, அது காமெடின்னு நெனைக்கறாங்க, எனக்கு அது தான் கதையோட நடு. ஔவை மாதிரி ஆக கத்துக்கறான்னு வச்சுக்கோங்களேன்.

டைரக்டர் மாறிட்டாரு, மொத சீசன் கெய்ச்சிரோ சைட்டோ, இது டொமோயா கிடகாவா. கெட்டுருமோன்னு பயந்தேன். கெடல. ஸ்டூடியோ அதே மேட்ஹவுஸ், மியூசிக் அதே எவன் கால்.

பர்கூர் செங்கு:
ஃப்ரீரனுக்கு அதியமான்னா டாக்டர் ஸ்டோனுக்கு எங்க ஊர். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைல தோண்டுனப்ப இரும்பு கெடைச்ச மண்ணடுக்க டெஸ்ட் பண்ணி கிமு 2172ன்னு 2022 மே மாசம் சட்டசபைலயே அறிவிச்சாங்க, அப்ப தமிழ்நாட்டுல கெடைச்சதுலயே பழைய இரும்பு அது. போன வருசம் ஜனவரில தூத்துக்குடி பக்கம் சிவகளைல கெடைச்ச இரும்போட தேதி வந்து அதையும் தாண்டிருச்சு, பரவால்ல, எங்களுக்கு பெருமை கொறையாது.

டாக்டர் ஸ்டோன் பாக்காதவங்களுக்கு: உலகத்துல மனுசங்க எல்லாம் கல்லாயிருவாங்க, 3700 வருசம் கழிச்சு செங்குன்னு ஒரு பையன் முழிச்சு ஒன்னுமில்லாததுல இருந்து அறிவியல திரும்ப கட்டுவான். அதுல இரும்பு எடுக்கற எபிசோடு இருக்கே, நான் எங்க சித்தப்பா பசங்கள உக்கார வச்சு காட்டுனேன். இரும்பு மணல சேத்தாச்சு, உலை கட்டியாச்சு, ஆனா காத்து ஊத ஆள் பத்தல, ரெண்டு மூணு பேரு ஊதி ஊதி மூச்சு வாங்கி விழறாங்க, சூடு ஏறல. எத்தனை மூளை இருந்தாலும் துருத்தி அமுக்க கை வேணும். அதுக்கு செங்கு ஒரு வேலை பண்றான், காட்டுல மொளைக்கற நரிவால் புல்லோட வெதைய அரைச்சு ராமென் நூடுல்ஸ் செஞ்சு ஊரையே சோறு காட்டி இழுக்கறான். அந்த புல்லு தான் நம்ம தினையோட காட்டு மூதாதை. களியும் தினையும் சாப்ட்டு வளந்த ஊருக்கு இத விட நெருக்கமா ஒரு அனிமே எங்க இருக்கு?

கடைசி சீசனோட கடைசி பாகம் ஏப்ரல்ல வருது. 2019ல ஆரம்பிச்சது, இப்ப புடிச்சீங்கன்னா ஏப்ரலுக்குள்ள முடிச்சுரலாம்.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
அந்த ராமென் எபிசோடு ராத்திரி பாக்காதீங்க, பசிக்கும்.

வேப்பனப்பள்ளி கல்லு:
ஒரு விசயம் சொல்லலாமா, இந்த சீசன் இல்ல, போன வருசம் ஜூலை சீசன்ல வந்த ரூரி ராக்ஸ், 13 எபிசோடு, நம்ம மாவட்டத்துல யாரும் பேசவே இல்ல. ரூரின்னு ஒரு ஸ்கூல் பொண்ணு, பளபளன்னு கல்லு வேணும், வாங்க காசில்ல, சரி மலைல போய் எடுத்துக்கலாம்னு கெளம்பறா, அங்க கனிமவியல் படிக்கற நாகின்னு ஒரு அக்கா மாட்டறாங்க, அவ்ளோ தான் கதை. ஆத்து மணல தட்டுல அள்ளி வட்டமா ஆட்டி ஆட்டி லேசான மணல தண்ணியோட விட்டுட்டு அடில தங்கற கனமான கருப்பு மணல்ல தங்கத் தூள் தேடுவாங்க. நீலக்கல்லு தேடும்போது இன்னும் அருமை, ஒவ்வொரு ஓடையா மணல் எடுத்து லேப்ல பாத்து எந்த ஓடைல இருக்கு எதுல இல்லன்னு கழிச்சுகிட்டே மேல மேல போவாங்க. இது நெசமாவே செய்யற முறை.

எங்க தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்துல வேலை பாத்தவரு. வேப்பனப்பள்ளில இருந்து எல்லை தாண்டுனா அந்தப் பக்கம். 2001ல சுரங்கத்த மூடுனாங்க, மூணு கிலோமீட்டருக்கும் கீழ வரைக்கும் தோண்டுன சுரங்கம் அது. தாத்தா கல்ல கையில எடுத்தா மொதல்ல எடைய பாப்பாரு, அப்புறம் ஈரம் பண்ணி வெயில்ல திருப்பிப் பாப்பாரு. நாகி கல்ல பாக்கறது அப்படியே அது. நம்மள சுத்தி குவாரி, கிரானைட் லாரி, தூசி, அத தவிர கல்லப் பத்தி நமக்கு என்ன தெரியும்? இந்த மலை எப்படி வந்துச்சு, இது ஏன் செவப்பா இருக்கு, அது ஏன் கருப்புன்னு கேக்க வச்சது இந்த சீரிஸ் தான். எங்க அக்கா பொண்ணு இப்ப பாக்கறா, கெணறு வெட்டுன கல்லு குமிச்சு வச்சிருக்கற எடத்துல போய் மைக்கா பொறுக்கிட்டு வர்றா.

காவேரிப்பட்டணம் அக்கா:
இத நான் கேள்விப்பட்டதே இல்ல தம்பி. பசங்களோட உக்காந்து பாக்கலாமா?

வேப்பனப்பள்ளி கல்லு:
பாக்கலாம்க்கா. பொண்ணுங்கள வரைஞ்ச விதம் ஒன்னு ரெண்டு எடத்துல தேவையில்லாம இருக்கும், அத சொல்லிடறேன். கதை சுத்தம்.

அரூர் மாவ்மாவ்:
அபோதிகரி டைரீஸ் யாருமே சொல்லல!! மூணாவது சீசன் இந்த அக்டோபர்ல, அதுக்குள்ள 48 எபிசோடும் முடிங்க. மொத எபிசோடே போதும் ஆள உள்ள இழுக்க. அரண்மனைல கொழந்தைங்க ஒவ்வொன்னா சாகுது, சாபம்னு எல்லாரும் சொல்றாங்க, வேலைக்காரியா இருக்கற மாவ்மாவ் மட்டும் பாத்ததும் கண்டுபுடிச்சுருவா, அம்மாங்க மூஞ்சில பூசற வெள்ளை பவுடர்ல ஈயம். துணியக் கிழிச்சு எழுதி பூங்கிளைல கட்டி ரெண்டு ராணி ஜன்னல்லயும் வச்சுட்டு போயிருவா. ஒரு ராணி நம்புனா, கொழந்தை பொழைச்சது. இன்னொருத்தி கண்டுக்கல. நான் பார்மசி படிக்கறேன், எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

பத்துக்குள்ள பதினொன்னு:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் +2, மார்ச்ல பப்ளிக். வாரத்துக்கு ஒன்னு தான் வீட்ல விடுவாங்க, எது பாக்கறது?

தகடூர் ஒட்டாகு:
மெடலிஸ்ட் பாரு தம்பி. ஃப்ரீரன் பரீட்சை முடிஞ்சு மொத்தமா பாத்துக்கோ, அத அவசரத்துல பாக்கக் கூடாது. மெடலிஸ்ட் ரெண்டாவது சீசன் ஓடுது. இனோரின்னு ஒரு பொண்ணு, ஸ்கேட்டிங் கத்துக்க ஆரம்பிக்கும்போதே பதினோரு வயசு, மத்த புள்ளைங்க அஞ்சு வயசுலயே ஆரம்பிச்சிருக்கும், லேட்டு லேட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. அவளோட கோச் சுகாசாவும் லேட்டா ஆரம்பிச்சு வாய்ப்பு கெடைக்காம போனவன், அதனால அவள விட மாட்டான். ஐஸ் மேல ஆடற ஆட்டத்த ஒலிம்பிக்ஸ்ல ஆடுன அகிகோ சுசுகி அமைச்சுக் குடுத்தது, அதான் குதிச்சு எறங்கற எடமெல்லாம் அவ்ளோ நெசமா இருக்கு.

பாப்பிரெட்டிப்பட்டி வாத்தியார்:
+2 தம்பி, வாரத்துக்கு ஒன்னு போதும். பாத்துட்டு போய் படி.

ராயக்கோட்டை மாட்டுக்காரன்:
எல்லாரும் புதுசா சொல்றீங்க, நான் பழசு ஒன்னு. சில்வர் ஸ்பூன். 2013ல மொத சீசன், 2014ல ரெண்டாவது, ரெண்டும் 11 எபிசோடு. ஹொக்கைடோல விவசாய ஸ்கூல், டவுன் பையன் ஹச்சிகென் வந்து சேர்றான். எழுதுனது ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் எழுதுன ஹிரோமு அராகாவா, அவங்களே பால் மாட்டுப் பண்ணைல வளந்தவங்க, அது ஒவ்வொரு சீன்லயும் தெரியும்.

எங்க வீட்ல கறவை மாடு, தக்காளி. ஒரு வாரம் மார்க்கெட்ல ரேட்டு ஏறும், அடுத்த வாரம் ரோட்டுல கொட்டிட்டு வருவோம். அனிமேல விவசாயம்னா பச்சைப் பசேல்னு காத்து வாங்கறது தான்னு நெனைச்சவனுக்கு இது வேற. அதுல கடன் வருது, பண்ணை போகுது, கூட படிக்கற பையன் கனவ விட்டுட்டு வேலைக்குப் போறான். ஹச்சிகென் ஒரு பன்னிக்குட்டிக்கு பேர் வச்சு வளப்பான், பேர் வைக்காதன்னு எல்லாரும் சொல்வாங்க. வளந்ததும் வெட்டத் தான் போகுது. கடைசில சேத்து வச்ச காசுல அந்த கறி மொத்தத்தையும் அவனே வாங்கி எல்லாருக்கும் சமைச்சுப் போடுவான். ஆடு வளத்து வித்த வீட்டுப் புள்ளைங்களுக்கு இது புரியும், சந்தைக்கு ஓட்டிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது.

காவேரிப்பட்டணம் அக்கா:
தமிழ் டப்பிங் பத்தியும் பேசணும். சப்டைட்டில் தான் சுத்தம்னு பேசறவங்க எங்க மாமியாரோட ஒரு நாள் உக்காந்து பாக்கணும். ஷின்சான் தமிழ்ல வந்ததால தான் அவங்களுக்கு இது எல்லாம் பழக்கம். போன செப்டம்பர் 12ல டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி கேஸில் தமிழ்லயே தியேட்டருக்கு வந்துச்சு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல படம், வில்லன் அகாசாவோட பழைய கதை வந்தப்ப எங்க பின்னாடி வரிசைல பசங்க சத்தமே இல்ல, மாமியார் முந்தானைய எடுத்து கண்ண தொடச்சுகிட்டாங்க. முன்கதை ஒன்னும் தெரியாது அவங்களுக்கு. தமிழ்ல கேட்டதால தான அது நடந்துச்சு.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
இத நான் ஏத்துக்கறேன்க்கா. ஓசூர்ல எங்க ரூம்ல ஒருத்தன் வீட்ல தெலுங்கு, ஒருத்தன் கன்னடம், நான் தமிழ், எல்லாருக்கும் பொதுவா சப்டைட்டில் போட்டு தான் பாப்போம், ஊருக்கு வந்தா தம்பிங்களோட டப்பிங். ரெண்டும் வேணும்.

அப்புறம் ஒட்டாகு ப்ரோ, லீவு நாள்ல தூங்கி எந்திரிச்சு அந்த பூ எபிசோட திரும்ப பாத்தேன். சிலைக்கு பூ மாலை போடற எடம் நல்லா இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா ஜேஜேகே தான் எனக்கு இன்னும் மொத எடம், அத மாத்த முடியாது. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப உள்ள இருக்கற கோவத்த எல்லாம் எனக்கு பதிலா யூஜி எறக்கி வைக்கறான். ஃப்ரீரன் லீவு நாளைக்கு. ஒன்னு மட்டும் சொல்லுங்க, ஹிம்மல் எதுக்கு இத்தனை சிலை வச்சுகிட்டான், அழகா இருக்கேன்னா?

தகடூர் ஒட்டாகு:
அவனும் மொதல்ல அதையே தான் சொல்வான், என் அழக வருங்காலம் பாக்கட்டும்னு. அப்புறம் உண்மைய சொல்வான். நான் போனப்புறம் நீ தனியா ஆயிடக் கூடாது, நாம கட்டுக்கதை இல்ல, நெசமா இருந்தோம்னு இருக்கட்டும்னு. ஏழாவது எபிசோடு ப்ரோ, இன்னும் மூணு தான் பாக்கி உங்களுக்கு, ஞாயித்துக்கிழமை முடிச்சுருங்க.

வாத்தியார் சார், மியூசியத்துக்கு நாம எல்லாரும் ஒரு சனிக்கிழமை போலாமா, நடுகல் பத்தி நீங்க சொல்லிக் குடுங்க.

பாப்பிரெட்டிப்பட்டி வாத்தியார்:
கண்டிப்பா தம்பி. பசங்க பப்ளிக் முடியட்டும், ஏப்ரல்ல வெச்சுக்குவோம்.

பர்கூர் செங்கு:
ஏப்ரல்லன்னா டாக்டர் ஸ்டோன் ஆரம்பிச்சிருக்கும், ஒன் பீஸும் எல்பாஃப் கதையோட திரும்ப வந்துரும், விட்ச் ஹாட் ஆடெலியேவும் வருது. சனிக்கிழமை காலைலயே வெச்சுருங்க சார், ஞாயித்துக்கிழமை ஒன் பீஸுக்கு வேணும்.